பதினேழு வருடம் ஊசி போட்டவன் இனி டாக்டர் ஆக முடியுமா?

வேலூர் மாவட்டத்திலிருந்து ஒரு முன்னாள் ராணுவ வீரர் நீளமாக எழுதியிருக்கிறார். வயது 36. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

2006ல் பிளஸ் டூ முடித்தவர். இயற்பியல், வேதியியல், உயிரியல் எடுத்து, தமிழ் வழியில் படித்தவர். டாக்டராக வேண்டும் என்ற ஆசை அப்போதே இருந்தது, கட்-ஆஃப் எட்டவில்லை. அடுத்த வருடம் ராணுவத்தில் நர்சிங் அசிஸ்டென்டாகச் சேர்ந்துவிட்டார். லக்னோவில் ஆர்மி மெடிக்கல் கோர் மையத்தில் பயிற்சி, அப்புறம் அஸ்ஸாம், ராஜஸ்தான், லடாக் என்று 17 வருடம். அம்மாவின் உடல்நிலை காரணமாக, ஹவில்தாராக இருக்கும்போதே பென்ஷனில் வந்துவிட்டார். இப்போது ஒரு தொழிற்சாலையில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். மகள் ஒன்பதாம் வகுப்பு, மகன் நான்காம் வகுப்பு.

மீதியை அவர் வார்த்தையிலேயே கேளுங்கள்: “லடாக்கில் ஒரு போஸ்ட். ராத்திரி இரண்டு மணி. லீவு முடிந்து வந்த ஜவான் ஒருவன் மூச்சு வாங்க முடியாமல் நுரையாகத் துப்பினான். பனிப்புயல், ஹெலிகாப்டர் வராது. ஆர்.எம்.ஓ. (யூனிட் டாக்டர்) கீழே இருந்தார். ரேடியோவில் அவர் சொன்னதையெல்லாம் செய்தேன். ஆக்சிஜன் வைத்தேன். ஹேப்போ பையில் (ஆளை உள்ளே வைத்து மூடி, காற்றடித்து அழுத்தம் ஏற்றும் பை) படுக்கவைத்து, விடியும்வரை காலால் பம்ப் அடித்தேன். பிழைத்துக்கொண்டான். யூனிட்டில் எல்லோரும் தட்டிக்கொடுத்தார்கள். ஆனால் மேடம், ஒரு பைக்குள் காற்றை அடைத்தால் நுரையீரலில் இருக்கிற தண்ணீர் எப்படிப் போகும்? இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த ‘ஏன்’ என்னை விடவே மாட்டேன் என்கிறது.”

அப்புறம் வரிசையாகக் கேள்விகள். இந்த வயதில் எம்.பி.பி.எஸ். சேர விடுவார்களா? முன்னாள் படைவீரர் கோட்டாவில் சீட் கிடைக்கும்தானே? 17 வருட அனுபவத்தைக் கணக்கில் எடுத்து, நேராக இரண்டாம் ஆண்டில் சேர்த்துக்கொள்வார்களா? “எக்ஸ் சர்வீஸ்மேனுக்கு நீட் தேவையில்லை” என்று ஓர் ஏஜென்ட் வெளிநாட்டுக் கல்லூரிக்கு 50,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருக்கிறார், நம்பலாமா? ஊரில், “உனக்குத் தெரியாததா, சும்மா ஒரு கிளினிக் போட்டு உட்கார்” என்கிறார்கள், செய்யலாமா? மனைவி மட்டும், “பொண்ணு படிக்கிற வயசுல அப்பா டியூஷன் போறதா?” என்று கேட்டாராம். முன்பணம் கொடுத்த விஷயம் அவருக்கு இன்னும் தெரியாது.

தம்பி, உங்களைவிட இருபது வயதுக்கு மேல் மூத்தவள் நான், அப்படியே அழைக்கிறேன். எம்.பி.பி.எஸ். முடித்த கையோடு ஐந்து வருடம் ஷார்ட் சர்வீஸில் ராணுவ மருத்துவராக இருந்தேன். வெளியே வந்து உடலியல் படித்து, ஓய்வு பெறும்வரை முதலாண்டு மாணவர்களுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆகவே உங்கள் கடிதத்தின் இரண்டு பக்கமும் எனக்குத் தெரிந்த ஊர்தான்.

என் முதல் போஸ்டிங்கில் நடந்தது. வயிற்றுப்போக்கில் சுருண்டுபோன ஒரு ஜவானின் குழந்தை, கையில் நரம்பே கிடைக்கவில்லை. மூன்று முறை குத்திவிட்டு நான் வியர்த்துப்போய் நிற்கிறேன். என் தோளில் நட்சத்திரம், பக்கத்தில் நின்ற நர்சிங் அசிஸ்டென்டின் கையில் மூன்று பட்டை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. வெந்நீரில் பிழிந்த துணியைக் குழந்தையின் பாதத்தில் சுற்றி, இரண்டு நிமிடம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். துணியை எடுத்ததும் கணுக்காலுக்கு மேல் மெல்லிய நீலக்கோடு ஒன்று தெரிந்தது. “இப்போது போடுங்கள் மேடம்” என்றார். அந்தக் கோட்டை நான் மறக்கவே இல்லை. உங்கள் 17 வருடத்தின் மதிப்பு எனக்குத் தெரியும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். இனி நான் சொல்லப்போகும் சில விஷயங்கள் கசக்கும்.

முதலில், உங்களை விடாமல் துரத்தும் அந்த ‘ஏன்’. அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன், காரணம் பின்னால் புரியும்.

மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும். இழுக்கிற ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜன் குறைவாகத்தான் வரும். உடம்பில் மற்ற இடங்களில் ஆக்சிஜன் குறைந்தால் ரத்தக்குழாய் விரியும். நுரையீரலில் மட்டும் தலைகீழ், அங்கே சுருங்கும். சாதாரண நாளில் அது நல்ல ஏற்பாடு. சளி அடைத்து ஒரு மூலைக்குக் காற்று போகவில்லை என்றால், அந்த மூலைக்கு ரத்தம் அனுப்பி என்ன பயன்? குழாயைச் சுருக்கி, காற்று இருக்கிற பக்கம் ரத்தத்தைத் திருப்பிவிடுகிறது. ஆனால் உங்கள் போஸ்ட்டில் ஒரு மூலைக்கு மட்டுமா ஆக்சிஜன் குறைவு? நுரையீரல் முழுக்கக் குறைவு. எங்கு பார்த்தாலும் குழாய்கள் சுருங்குகின்றன, அதுவும் ஒரே அளவாக இல்லை. சுருங்காமல் மிஞ்சிய குழாய்களில் ரத்தம் முட்டி மோதுகிறது, அழுத்தம் ஏறுகிறது, மெல்லிய சுவர் தாங்காமல் நீர் காற்றறைக்குள் கசிகிறது. அதுதான் அந்த நுரை.

பையைக் காலால் மிதித்தபோது, அவனைச் சுற்றியிருந்த காற்றின் அழுத்தத்தை ஏற்றினீர்கள். மலையில் இருந்தபடியே அவனை ஆயிரம், ஆயிரத்தைந்நூறு மீட்டர் கீழே இறக்கினீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் ஏறியது, குழாய்கள் தளர்ந்தன, அழுத்தம் இறங்கியது, கசிவு நின்றது. கசிந்த நீரை நுரையீரலே மெல்ல உறிஞ்சிக்கொண்டது. தண்ணீர் வெளியே எங்கும் போகவில்லை தம்பி, ரத்தத்துக்கே திரும்பிப்போனது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1962 போர்க்காலத்தில் சமவெளியிலிருந்த வீரர்களை அவசரமாக மலைக்கு ஏற்றியபோது, திடமான இளைஞர்கள் இப்படி விழுந்தார்கள். இந்தர் சிங் என்ற நம் ராணுவ மருத்துவரும் அவருடைய குழுவும் அந்த நோயாளிகளைக் கவனித்துப் பதிவு செய்து, 1965ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். மலைநோயைப் பற்றிப் பேசும் மருத்துவர்கள் இன்றும் அந்தக் கட்டுரையைச் சொல்கிறார்கள். நீங்கள் கேட்ட ‘ஏன்’ உங்கள் கோரிலேயே முன்பு கேட்கப்பட்ட கேள்விதான்.

இப்போது உங்களையே கேட்டுப் பாருங்கள். மேலே உள்ளதைப் படித்து முடித்ததும் மனசு என்ன சொன்னது? “அப்பாடா, தெரிந்துவிட்டது” என்றதா? அல்லது, “அப்படியென்றால் ஒருவனுக்கு வந்து பக்கத்தில் படுத்தவனுக்கு வராதது ஏன்? லீவிலிருந்து திரும்பியவனுக்கு வருவது ஏன்?” என்று அடுத்த கேள்விக்குத் தாவியதா? முதலாவது என்றால், உங்களுக்கு வேண்டியது ஒரு நல்ல உடலியல் புத்தகம், அதற்காகக் குடும்பத்தைப் புரட்டிப் போட வேண்டாம். இரண்டாவது என்றால் மேலே படியுங்கள்.

வயது

இதில் உங்கள் பயம் தேவையில்லாதது. பொதுப்பிரிவுக்கு 25, இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 30 என்று இருந்த உச்ச வயது வரம்பை எடுத்துவிடுவதென தேசிய மருத்துவ ஆணையம் 2021ல் முடிவெடுத்தது. 2022 மார்ச்சில் அறிவிப்பு வந்தது. சேரும் ஆண்டின் டிசம்பர் 31க்குள் 17 வயது ஆகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒடிசாவில் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர் 2020ல் தம் 64வது வயதில் புர்லா அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தது செய்தியாக வந்தது. ஆனால் புனேயில் உள்ள ராணுவ மருத்துவக் கல்லூரியை மனதில் வைத்திருந்தால் விட்டுவிடுங்கள். அங்கே வயது வரம்பு உண்டு, திருமணமாகாதவர்களை மட்டுமே எடுப்பார்கள்.

முன்னாள் படைவீரர் கோட்டா

நீங்கள் பெரிதாக நம்பியிருப்பது இதைத்தான், அதனால் நேராகச் சொல்கிறேன். தமிழ்நாட்டு மருத்துவக் கலந்தாய்வில் அப்படி ஒரு சிறப்புப் பிரிவு இருக்கிறது. ஆனால் அது முன்னாள் படைவீரரின் பிள்ளைகளுக்கு. உங்களுக்கு இல்லை, ஒன்பதாம் வகுப்பு படிக்கும் உங்கள் மகளுக்கு. இடங்களும் மாநிலம் முழுவதற்கும் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். டெல்லி கன்டோன்மென்டில் உள்ள ராணுவ மருத்துவ அறிவியல் கல்லூரியும் ராணுவத்தினரின் பிள்ளைகளுக்காக நடப்பது. பிரதமர் கல்வி உதவித்தொகைத் திட்டமும் பிள்ளைகளுக்கும் விதவையருக்கும்தான்.

உங்கள் குழப்பம் எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க முடிகிறது. அரசு வேலையில் முன்னாள் படைவீரருக்கு நேரடியாகச் சலுகை உண்டு. மத்திய அரசின் குரூப் சி பணிகளில் 10 சதவீத ஒதுக்கீடு, வயதில் சர்வீஸ் ஆண்டுகளைக் கழித்து மேலும் மூன்று வருடத் தளர்வு. அது வேலைக்கான விதி, கல்லூரிக்கு வராது. டிஸ்சார்ஜோடு பட்டப்படிப்புக்குச் சமம் என்று ஒரு சான்றிதழ் வாங்கியிருந்தால், அதுவும் வேலைக்கு மட்டும்தான். மருத்துவப் படிப்புக்கு உங்கள் 2006 பிளஸ் டூ மதிப்பெண்தான் பேசும். மூன்று அறிவியல் பாடங்களிலும் சேர்த்துப் பொதுப்பிரிவுக்கு 50 சதவீதம், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 சதவீதம் என்று கேட்பது நெடுநாள் வழக்கம், இப்போதைய அளவைக் கலந்தாய்வுக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். நர்சிங் அசிஸ்டென்ட் பணிக்கே ராணுவம் 50 சதவீதம் கேட்கும் என்பதால், அந்தப் படியை நீங்கள் தாண்டியிருப்பீர்கள்.

நீங்கள் கேட்காத ஒரு கதவு

கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “எட்டாவது வரை ஊர்ப் பள்ளி, அப்புறம் டவுன் பள்ளி.” எனக்குக் கடிதத்திலேயே முக்கியமாகப் பட்ட தகவல் அதுதான். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளிலேயே படித்து, நீட்டில் தேறியவர்களுக்கு 2020ல் வந்த சட்டப்படி 7.5 சதவீத இடங்கள் உண்டு. தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் படிப்பு, விடுதிக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. ஆகவே அந்த இரண்டு பள்ளிகளும் அரசுப் பள்ளிகளா, அரசு உதவிபெறும் பள்ளிகளா என்று இந்த வாரமே போய்ப் பாருங்கள். உதவிபெறும் பள்ளி கணக்கில் வராது, ஒரு வருடம் அங்கே படித்திருந்தாலும் வாய்ப்பு போய்விடும். அரசுப் பள்ளிதான் என்றால், ஒவ்வொரு பள்ளியிலும் படிப்புச் சான்று கேட்டு வாங்குங்கள். 2006க்கு முந்தைய பதிவேட்டைத் தேடி எடுக்கத் தலைமையாசிரியருக்கும் நாள் வேண்டும். வாங்கியதும் கீழ்ப்பாக்கத்தில் உள்ள மருத்துவக் கல்வி தேர்வுக் குழு அலுவலகத்துக்குப் போய், 2006ல் பிளஸ் டூ தேறியவருக்கு, நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் விதி என்ன சொல்கிறது என்று எழுத்துப்பூர்வமாகவே கேளுங்கள். கையேடு ஒவ்வொரு வருடமும் புதிதாக வருகிறது.

இதில் உங்களுக்கு மனம் உறுத்தலாம். 2022 ஜனவரியில், தருமபுரிப் பக்கத்து 61 வயது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இதே 7.5 சதவீதக் கலந்தாய்வுக்கு அழைக்கப்பட்டார். மருத்துவம் படித்த மகன் கேட்டுக்கொண்டதால், இளைஞர்களுக்கு இடம் போகட்டும் என்று விட்டுக்கொடுத்துவிட்டார். அவர் செய்தது பெரிய காரியம். ஆனால் 61 வேறு, நீங்கள் சேரும்போது ஆகியிருக்கும் 38 வேறு. 44 வயதில் வெளியே வரும் ஒரு மருத்துவர் இருபது வருடத்துக்கு மேல் வைத்தியம் பார்க்க முடியும். அதுவும் உங்களைப் போன்ற ஒருவர் பார்த்தால், அந்த இடம் வீணாகப் போனதாக நான் நினைக்க மாட்டேன்.

நேராக இரண்டாம் ஆண்டு?

கிடையாது. எம்.பி.பி.எஸ்.ஸில் அப்படி இடையில் நுழையும் வழியே இல்லை. எவ்வளவு அனுபவம் இருந்தாலும் உடற்கூறியல், உடலியல், உயிர்வேதியியல் என்று முதல் நாளிலிருந்துதான்.

அது நல்லதற்குத்தான் என்றுகூடச் சொல்வேன். நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு, 31 வயதில் ஒருவர் முதலாண்டு வந்தார். முன்பு மருந்தாளுநராக இருந்தவர். வகுப்பில் எல்லோருக்கும் அவர் ‘அண்ணா’. முதல் உள்தேர்வில் கோட்டைவிட்டார். அவரைக் கூப்பிட்டு விடைத்தாளைக் காட்டினேன். “இதயம் செயலிழக்கும்போது கால் வீங்குவது ஏன்?” என்பது கேள்வி. அவர் பக்கம் நிறைய எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை என்று எழுதியிருந்தார். ஒன்றுகூடத் தப்பில்லை. ஆனால் கேட்டதற்கு ஒரு வரிகூடப் பதில் இல்லை. “மேடம், எனக்கு இதற்கு என்ன செய்வது என்று மட்டும்தான் கை பழகியிருக்கிறது” என்றார். பழகிய கையை நிறுத்தி, முதலிலிருந்து யோசிக்க அவருக்கு ஒரு வருடம் பிடித்தது. உங்களுக்கும் பிடிக்கும். உங்கள் அனுபவம் மூன்றாம் ஆண்டு வார்டுக்குப் போனதும் கைகொடுக்கும். முதலாண்டில் அதுவே காலைப் பிடித்து இழுக்கும்.

முதலாண்டுத் தேர்வுக்கு மொத்தம் நான்கு வாய்ப்புகள்தான், சேர்ந்த ஒன்பது வருடத்துக்குள் படிப்பை முடிக்க வேண்டும் என்பதையும் மனதில் வையுங்கள். பாடம் முழுக்க ஆங்கிலத்தில்.

ஏஜென்டும் கிளினிக்கும்

ஏஜென்ட் சொன்னது பொய். வெளிநாட்டில் படித்துவிட்டு இந்தியாவில் வைத்தியம் பார்க்க வேண்டுமானால் நீட் தேறியிருக்கத்தான் வேண்டும். ராணுவத்தில் இருந்தவர், இல்லாதவர் என்ற வித்தியாசமே அங்கே இல்லை. அதற்கும் மேல், 2021 விதிப்படி குறைந்தது 54 மாதம் ஆங்கில வழியில் படித்து, அதே கல்லூரியில் ஒரு வருடம் பயிற்சி முடித்து, அந்த நாட்டிலேயே வைத்தியம் பார்க்கும் தகுதியும் பெற்றிருக்க வேண்டும். இங்கே வந்து தகுதித் தேர்வு எழுத வேண்டும், அதில் ஒவ்வொரு முறையும் தேறாதவர்கள்தான் அதிகம். தேறினாலும் இங்கே மறுபடி ஒரு வருடப் பயிற்சி. 37 வயதில், பிள்ளைகளை இங்கே விட்டுவிட்டு, பென்ஷன் பணத்தைக் கரைத்துக்கொண்டு போக வேண்டிய வழி இதில்லை. முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு பதிவுத் தபாலில் எழுதுங்கள். ரசீதையும், ‘நீட் தேவையில்லை’ என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியையும் அழிக்காதீர்கள். தரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். இனி ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

கிளினிக் விஷயத்தில் ஊர்க்காரர்கள் அன்பினால் சொல்கிறார்கள், சரி. ஆனால் பதிவு பெற்ற மருத்துவர் அல்லாதவர் வைத்தியம் பார்த்தால், 2019ன் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 34வது பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டத்தை விடுங்கள். எம்.ஐ. ரூமில் (யூனிட்டின் சிகிச்சை அறை) உங்கள் ஊசிக்குப் பின்னால் ஒரு டாக்டரின் உத்தரவு இருந்தது. இருபது வயது ஜவானின் நெஞ்செரிச்சல் பெரும்பாலும் நெஞ்செரிச்சல்தான். ஊரில் 55 வயதுச் சர்க்கரை நோயாளி அதே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு வந்தால், அது மாரடைப்பாக இருக்கலாம். ரேடியோவின் அந்தப் பக்கம் அன்று யாரும் இருக்க மாட்டார்கள்.

காலமும் காசும்

உங்கள் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். வரும் மே மாதம் நீட் எழுதினால் உங்களுக்கு 37 நடக்கும், மகள் பத்தாம் வகுப்புக்குப் போகிற நேரம். அதற்கடுத்த மே இரண்டாவது முயற்சி. அதில் கிடைத்தால், நீங்கள் முதலாண்டு உட்காரும்போது அவள் பிளஸ் ஒன். உங்கள் முதலாண்டுத் தேர்வும் அவளுடைய பிளஸ் டூ படிப்பும் ஒன்றன்மேல் ஒன்று வந்து விழும். படிப்பு நாலரை வருடம், ஹவுஸ் சர்ஜன் ஒரு வருடம். வெளியே வரும்போது உங்களுக்கு 44, மகன் பிளஸ் ஒன், பிளஸ் டூ. மேல்படிப்பு என்றால் இன்னும் மூன்று வருடம், அதற்கும் தனித் தேர்வு.

பென்ஷன் நிற்காது. நீங்கள் மாணவராக இருந்தாலும் மாதா மாதம் வரும். இருபது வயதுப் பையனுக்கு இல்லாத பலம் அது. அரசுக் கல்லூரி என்றால் கட்டணமும் பெரிய சுமை இல்லை. நிற்கப்போவது செக்யூரிட்டி சம்பளம். வருகைப்பதிவு வகுப்புக்கு 75, செய்முறைக்கு 80 சதவீதம் கேட்பார்கள், பகல் வேலை பார்த்துக்கொண்டு படிக்கவே முடியாது. இன்னொன்று, இடம் வேலூரிலேயே கிடைக்கும் என்று இருக்காதீர்கள். 2022ல் திறந்த பதினொரு புதிய கல்லூரிகள் நீலகிரி, ராமநாதபுரம் என்று பரந்து கிடக்கின்றன. அம்மாவைப் பார்த்துக்கொள்ளத்தானே சர்வீஸை விட்டு வந்தீர்கள்? அதை யார் பார்ப்பது?

தனியார் கல்லூரி நிர்வாக இடம் வருடத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேல். வீட்டை அடகு வைத்துச் சேர்கிறேன் என்று வந்தால், வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

என் யோசனை

மூன்று மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். வேலையை விட வேண்டாம், கோச்சிங்கில் பணம் கட்ட வேண்டாம். பிளஸ் ஒன், பிளஸ் டூ பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உயிரியலை நீங்கள் விரும்பிப் படிப்பீர்கள், அதனால் அதைத் தொடாதீர்கள். இயற்பியலில் தொடங்குங்கள். தினமும் இரண்டு மணி நேரம், அதிகாலையில். நாலு மணிக்கு எழுந்து பழகிய உடம்பு உங்களுடையது. மூன்றாம் மாதக் கடைசி ஞாயிறு, பழைய நீட் வினாத்தாள் ஒன்றை எடுத்து, 180 கேள்வி, 180 நிமிடம், நடுவில் எழாமல் எழுதிப் பாருங்கள். சரியான விடைக்கு நான்கு, தப்புக்கு ஒன்று கழித்து 720க்கு மார்க் போடுங்கள். தமிழில் எழுதலாம், ஆனால் மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதி என்பது தேர்வு விதி. ஆங்கிலக் கலைச்சொற்களையும் சேர்த்தே படியுங்கள். வருடம் இருபது லட்சம் பேருக்கு மேல் எழுதும் தேர்வு இது.

மார்க் எவ்வளவு வந்தாலும் முதல் தடவை பெரிதாக வராது. அதைவிட, இயற்பியலோடு மூன்று மாதம் உட்கார முடிந்ததா என்பதைத்தான் நான் பார்ப்பேன். முடிந்தது என்றால் இரண்டு முயற்சிகள் எழுதுங்கள். மூன்றாவது வேண்டாம். அது மகள் பிளஸ் டூவுக்குப் போகும் வருடம்.

இடையில் அந்த செக்யூரிட்டி வேலையை மாற்றப் பாருங்கள். முன்னாள் படைவீரர்களுக்கான ஈ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்குகளில் நர்சிங் அசிஸ்டென்ட் பணிக்கு ஒப்பந்த முறையில் ஆள் எடுக்கிறார்கள், ஆயுதப்படையில் கிளாஸ் ஒன் நர்சிங் அசிஸ்டென்ட் கோர்ஸ் முடித்தவர்கள் விண்ணப்பிக்கலாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். நோயாளிகளுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு படிப்பதே உங்களுக்குப் பாதித் தெம்பு.

நீட் கைகூடவில்லை என்றால்? அதற்கும் ஒரு கதை இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த கதை. 1965ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜின் ஸ்டெட் என்ற பேராசிரியர் ஒரு புதுப் படிப்பைத் தொடங்கினார். கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர்களுக்கு, வெளியே அந்தத் திறமைக்கு ஏற்ற வேலை இல்லை. அவர்களில் நால்வர்தான் முதல் மாணவர்கள். ‘ஃபிசிஷியன் அசிஸ்டென்ட்’ என்ற தொழிலே அப்படிப் பிறந்ததுதான். அதாவது உங்களைப் போன்ற ஆட்களை வைத்து உருவான படிப்பு. 1992ல் சென்னைக்கு வந்தது. இப்போது பி.எஸ்சி.யாக நம் மருத்துவப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் இருக்கிறது. 2021ல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான சட்டம் இதையும் அங்கீகரிக்கிறது. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே இதில் சேர்த்துவந்தார்கள். சேர்க்கை விதியையும் வயது விதியையும் அந்தந்த ஆண்டுக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். மருத்துவரின் கீழ்தான் வேலை, தனியாக வைத்தியம் பார்க்க முடியாது. ஆனால் ‘ஏன்’ என்று சொல்லிக்கொடுப்பார்கள். தோற்றுப்போனவர்கள் போகும் இடமாக அதை நினைக்காதீர்கள்.

கடைசியாக உங்கள் மனைவி. நீங்கள் சர்வீஸில் இருந்தபோது அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் தனியாகத் தாங்கியவர். நீங்கள் திரும்பி வந்து ஒரு வருடம்தான் ஆகிறது, மறுபடியும் ஆறு வருடம் ஹாஸ்டலுக்குப் போகிறேன் என்கிறீர்கள். “அப்பா டியூஷன் போறதா” என்று அவர் கேட்டது கேலியாக எனக்குப் படவில்லை. மறுபடியும் தனியாக விடப்போகிறீர்களா என்று கேட்கிறார். முதலில் அந்த 50,000 ரூபாய் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், அவர் வேறு யாரிடமோ கேள்விப்படுவதற்குள். அப்புறம் மேலே நான் போட்ட வயதுக் கணக்கை ஒரு தாளில் எழுதி, இருவரும் சேர்ந்து பாருங்கள். அவர் வேண்டாம் என்று சொன்னால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள், சம்மதிக்க வைக்க வேண்டிய தடையாக அல்ல. மகளிடமும் கேளுங்கள். அப்பாவும் மகளும் ஒரே மேசையில் இயற்பியல் படிப்பது அவளுக்குத் தெம்பாகவும் இருக்கலாம், பாரமாகவும் இருக்கலாம். அதை அவள்தான் சொல்ல வேண்டும்.

பள்ளிச் சான்று கிடைத்ததா என்றும், அந்த ஞாயிற்றுக்கிழமை வினாத்தாளில் எத்தனை மார்க் வந்தது என்றும் எனக்கு எழுதுங்கள். இயற்பியலில் எந்தப் பாடம் இடித்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.